தேவிப்பிரியாவின் வேன் இழுபட்ட வரலாறு

தேவிப்பிரியாவின் வேன் முதன்முதலாக இழுபட்டது 2022 ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அன்றைக்கு நூல் விலை கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்கியிருந்ததால் வேலம்பாளையத்தில் யாரும் வேனைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. இருபது ரோல் துணி மட்டுமே பிடிக்கிற வண்டியில் முப்பத்தொரு ரோல் ஏறியிருந்தது. பின்கதவு நெருக்கடி இல்லாமல் மூடியது. சலானிலும் முப்பத்தொன்று என்றே இருந்தது, இறக்கி எண்ணியபோதும் முப்பத்தொன்று. வண்டியின் நீளம் மட்டும் பன்னிரண்டு அடியிலிருந்து பதினைந்து அடியாகி, துணியை இறக்கிய பத்து நிமிடத்தில் பழையபடி பன்னிரண்டுக்கு வந்து நின்றது. ஏற்றிவிட்டவர்கள் இரண்டு பேர், இறக்கியவர்கள் மூன்று பேர். ஐந்து பேரும் இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

திருப்பூரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ஏற்றுமதியாளர்களைப் பற்றிப் பேசுவார்கள், டாலரைப் பற்றிப் பேசுவார்கள், சாயத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். குட்டி வேன்களைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. இது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். இந்த ஊரில் துணி ஓரிடத்தில் பின்னப்பட்டு, இன்னோரிடத்தில் சாயம் குடித்து, வேறொரு இடத்தில் நீராவி வாங்கி, அதற்கப்புறம் வெட்டுகிற இடம், தைக்கிற இடம், பிசிறு எடுக்கிற இடம், அயர்ன் போடுகிற இடம் என்று அலைந்து, ஒரு பனியன் பெட்டிக்குள் போய்ப் படுப்பதற்குள் ஊருக்குள்ளேயே அறுபது கிலோமீட்டர் சுற்றிவிடும். அத்தனை சுற்றும் இந்த வேன்களின் முதுகில்தான். மழை புகாத மூடின பெட்டி, பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு, டிரைவர் சீட்டுக்கு அடியில் இன்ஜின், இரண்டு ஆள் நீளத்துக்கு இடம் இருந்தால் போதும், திருப்பிவிடலாம். லாரிக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மெயின் ரோட்டிலேயே நின்றுகொள்வார்கள், ஏனென்றால் அவர்களால் சந்துக்குள் வர முடியாது.

தேவிப்பிரியா இருந்த சந்தின் அகலம் ஏழடி. அதில் பதினான்கு தையல் யூனிட்டுகள் இருந்தன. அதில் ஒன்று அவளுடைய கணவன் சண்முகவேல் நடத்தியது, பன்னிரண்டு மெஷின், பதினோரு டெய்லர், பெயர் மருதாள் நிட்ஸ். மருதாள் அவனுடைய அம்மா. ஆனால் அந்தப் பெயர் வாசல் போர்டைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. சந்துக்காரர்கள் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்கள். பெட்டியில் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். நேரடி ஆர்டர் கேட்டுப் போனால், சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர்கள் முதலில் கேட்பது, வாசலுக்கு லாரி வருமா என்பதுதான். வராது என்று சொன்னதும் டீ மட்டும் வரும். சண்முகவேல் அப்படிக் குடித்த டீக்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு டீக்கடையே நடத்தலாம்.

தேவிப்பிரியா மூலனூர்க்காரி. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்பது வருஷம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, 2021இல் பிரெட் சப்ளைக்கு ஓடிய ஒரு பழைய வெள்ளை வேனை வாங்கினாள். ஆரம்பத்தில் கணவனின் சரக்கு, பிறகு சந்தில் எல்லோருடைய சரக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் மூலனூரிலிருந்து முருங்கைக்காய். இரண்டு மாதம் வரை துணியில் பிரெட் வாசம் அடித்ததாக ஒரு புகார் உண்டு, வேறு குறையில்லை. சந்தில் நிறுத்த இடம் இல்லாததால் வேனை மகுடேஸ்வரன் வேலை பார்த்த காம்பாக்டிங் யூனிட்டின் பின்சுவரை ஒட்டி நிறுத்தி வந்தாள். சாயம் போட்டு வந்த துணி பிற்பாடு சுருங்காமல் இருக்க நீராவி காட்டி அழுத்துகிற இடம் அது. அங்கே நீராவி வெளியேறுகிற குழாய் நேராக வேனின் கூரைமேல் ஊதிக்கொண்டிருந்தது. பதினாலு மாதம் ஊதியது. பதினைந்தாவது மாதம் வேன் இழுபட்டது.

இருபத்திரண்டு வருஷம் நீராவியோடு வாழ்ந்த மகுடேஸ்வரன் வந்து பார்த்தார். தகரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுத்தார், விட்டார், காது வைத்துக் கேட்டார்.

“தகரம் துணியாயிருச்சுங்க அம்மிணி. நல்ல சிங்கிள் ஜெர்சி. இழுத்தா வருது, உட்டா போகுது. வட்டமா ஒரு துண்டு வெட்டி எடை போட்டுப் பாத்தா சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், என்ன ஜிஎஸ்எம்னு கரெக்டாச் சொல்லிப்போடுவனுங்க” என்றார்.

கையில் வெட்டுகிற கருவியும் வைத்திருந்தார். தேவிப்பிரியா அவரை மெயின் ரோடு வரைக்கும் துரத்தினாள். மறுநாள் அவரே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேனுக்கு உரிய பக்குவத்தைச் சொல்லிவிட்டுப் போனார்: அளவுக்கு மீறி ஏற்றினால், இறக்கியதும் கொஞ்ச நேரம் சும்மா நிறுத்த வேண்டும்; வெந்நீரில் கழுவக் கூடாது; வெயிலில் காயலாம், முறுக்கிப் பிழியக் கூடாது. கடைசியாகச் சொன்னது எதற்கு என்று தேவிப்பிரியாவுக்குப் புரியவில்லை, இருந்தாலும் தலையாட்டினாள்.

அடுத்த இரண்டு வருஷத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம், வேன் நன்றாக உழைத்தது. ஆயுதபூஜைக்குக் கழுவியபோது ஒரு அங்குலம் சுருங்கியது, முருங்கைக்காய் ஏற்றிய வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. எஃப்.சி.க்குப் போனபோது ஆய்வாளர் செல்வக்குமார் மூன்று முறை அளந்தார், மூன்று அளவு வந்தது. கெட்டிக்காரர், மூன்றையும் எழுதிப் பக்கத்தில் மணியையும் போட்டுக் கையெழுத்திட்டார். குட்டி வேன்களை அலங்கரித்து ஊர் ஊராகச் சுற்றுகிற ஆர்வலர்கள் ஒரு ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து ஒன்பது வண்டியில் வந்தார்கள். ஒன்றில் கட்டில், ஒன்றில் சமையலடுப்பு, ஒன்றின் கூரையில் மிதிவண்டி. தேவிப்பிரியா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினாள். இழுபடுவதைப் பற்றி அவர்கள் ஒரு கேள்விதான் கேட்டார்கள், மைலேஜ் குறையுமா என்று. குறையாது என்றதும் திருப்தியாகப் போனார்கள்.

2024 கார்த்திகையில் அந்த ஆர்டர் வந்தது. குழந்தைகளுக்கான பன்னிரண்டாயிரம் டி-ஷர்ட், மருதாள் நிட்ஸ் என்ற பெயருக்கே, நேரடியாக. கொடுத்த ஏஜென்சிக்கு இரண்டு நிபந்தனை இருந்தது. முந்தின வருஷம் வேறு யாருடைய சரக்கோ வழியில் வண்டி மாறும்போது திருடு போயிருந்ததால், பெட்டிகளை யூனிட் வாசலிலேயே ஏற்றி, அங்கேயே கதவுக்குச் சீல் வைத்து, ஒரே வண்டியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சீல் உடைந்தால் சரக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் துறைமுகக் கிடங்கின் கேட் மூடும்; அதற்குள் வராவிட்டாலும் வேண்டாம். இந்த ஆர்டர் போய்ச் சேர்ந்தால் சந்துக்குள் இருக்கிற யூனிட்டும் தன் பெயரில் ஏற்றுமதி செய்யும் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சேராவிட்டால் சண்முகவேல் மெஷின்களை விற்றுவிட்டுப் பழைய கம்பெனிக்கே கட்டிங் மாஸ்டராகப் போக வேண்டியதுதான், பதினோரு டெய்லர்களும் ஆளுக்கொரு திசை பார்க்க வேண்டியதுதான். சந்தில் மற்ற பதின்மூன்று பேரும் அந்த வாரம் தங்கள் வேலையை அரைமனதாகத்தான் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்து ஏழு மணிக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். இருநூறு அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றிலும் அறுபது உருப்படி, ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் கொட்டை எழுத்தில் மருதாள் நிட்ஸ், திருப்பூர். ஏஜென்சியிலிருந்து சீல் வைக்க பிரியங்கா என்ற பெண் வந்திருந்தாள். சிரிக்காத பெண், கையில் ஒரு அட்டையும் பேனாவும். தேவிப்பிரியா அவளோடு உள்ளே உட்கார்ந்து பேப்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில்தான் சண்முகவேல் அந்தத் தப்பைச் செய்தான். திருப்பூரில் பிறந்த கட்டிங் மாஸ்டர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. பனியன் துணி அகலவாக்கில்தான் தாராளமாக இழுபடும், நீளவாக்கில் முரண்டு பிடிக்கும். இது அவனுக்குப் பதினாறு வயதிலிருந்து தெரியும். வேனின் தகரமும் துணிதானே என்று பெட்டிகளைக் குறுக்குவாட்டில் அடுக்கச் சொன்னான். வேன் தாராளமாக இடம் கொடுத்தது. நாற்பது பெட்டிக்கு ஆறடி அகலம் ஆனது, தொண்ணூறு பெட்டிக்கு இரண்டு பக்கச் சுவரையும் தொட்டது, அதற்கப்புறம் மேலே உப்பியது. இருநூறும் ஏறியதும் சண்முகவேல் பெருமையாகக் கைதட்டிப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். பிரியங்கா பின்கதவுக்குக் கம்பி கோர்த்துச் சீல் வைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டாள். தேவிப்பிரியா ஜன்னல் வழியாக உள்ளே ஏறி, சாவியைத் திருப்பி, கியர் போட்டாள். வண்டி உறுமியது. ஒரு அங்குலம்கூட நகரவில்லை. சந்தில் தக்கையை அடித்து இறக்கின மாதிரி உட்கார்ந்துவிட்டது.

“ஏனுங்க, என்ன பண்ணிப்போட்டீங்க?” என்றாள்.

“துணி அகலத்துலதானே அம்மிணி நல்லா வரும்” என்றான் சண்முகவேல். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

பெட்டிகளை இறக்கலாம் என்றால் சீலை உடைக்க வேண்டும். சுவரை இடிக்கலாம் என்றார்கள் தெற்குப் பக்கத்து ராசப்பனும் அவர் மகனும், அது அவர்களுடைய சுவர்தான். ஆனால் அதன்மேல் மின்சார மீட்டர்கள் ஒன்பது இருந்தன. மகுடேஸ்வரனை அழைத்து வந்தார்கள். அவர் வேனைத் தடவிப் பார்த்து, ஒரு நாள் முழுக்கச் சும்மா விட்டால் ஆசுவாசப்பட்டுத் தானே இறங்கும் என்றார். மணி ஒன்பதே கால். தூத்துக்குடி முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். சண்முகவேல் வாசப்படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். பதினோரு டெய்லர்களும் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். தேவிப்பிரியாவுக்கு அழுகை வந்தது, அழுதாள், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அழுதுகொண்டே துடைக்கக் கையில் கிடைத்த ஒரு ரிஜெக்ட் பனியனை இழுத்தவள், அப்படியே நிறுத்தினாள். பனியனை மறுபடி மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க, பனியனை நெட்டுவாக்குல இழுத்தா அகலம் உள்ளே வருமா வராதா?”

சந்தில் இருந்த அத்தனை பேருக்கும் விடை தெரியும். ஆனால் யாரும் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. வெட்டிப் போட்ட வேஸ்ட் துணியை மூட்டை மூட்டையாக எடுத்து முறுக்கினார்கள், பத்து நிமிடத்தில் தொடை மொத்தத்துக்கு இரண்டு கயிறு. ஒன்றை முன்பக்கக் கொக்கியில் மாட்டினார்கள். மற்றொன்றைப் பின்பக்கம் மாட்ட, வண்டியைத் தாண்ட வழியில்லாததால், சந்தின் அந்தக் கோடிக்கு வீடுகளுக்குள் புகுந்து அடுப்படி வழியாகப் போனார்கள். பதினான்கு யூனிட்டும் மெஷினை நிறுத்தியது. பக்கத்துத் தொழிலாளர் காலனியிலிருந்து ஒடிசா, பீகார் ஆட்கள் எழுபது எண்பது பேர் வந்தார்கள், திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர்கள் வந்தார்கள், பிசிறு வெட்டுகிற பெண்கள் கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். தேவிப்பிரியா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “இழுங்க சாமி, இழுங்க” என்றாள். முன்னால், “ஜோர் லகா கே” என்று ஒருவன் கத்த, “ஹைஷா” என்று சந்தே சொன்னது. பின்னால், “விடாதீங்கலே, பிடிச்சு இழுங்கலே” என்று கேட்டது.

முதல் இழுப்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்புக்குத் தகரம் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. மூன்றாவது இழுப்புக்கு வேன் நீள ஆரம்பித்தது. பதினெட்டு அடி, இருபத்தைந்து அடி. நீள நீளச் சுவர்களை விட்டு இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடம் வந்தது, கை நுழைகிற இடம் வந்தது. உள்ளே பெட்டிகள் தாமாகவே வரிசை மாறி ஒன்றன்பின் ஒன்றாகப் போய் உட்காருகிற சத்தம் மடமடவென்று கேட்டது. அதற்கு விளக்கம் வேண்டுகிறவர்கள் மகுடேஸ்வரனிடம் கேட்கலாம், என்னிடம் இல்லை. பிரியங்கா சீலின் பக்கத்திலேயே நின்று கண்ணிமைக்காமல் அதன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து அடியில் வண்டி ஒரு கணம் அடம் பிடித்தபோது, அட்டையையும் பேனாவையும் தரையில் போட்டுவிட்டு அவளும் கயிற்றைப் பிடித்தாள். இதை அவள் தன் அறிக்கையில் எழுதவில்லை. பத்தே காலுக்கு வேன் நாற்பத்தாறு அடி நீளமும் நாலேகால் அடி அகலமுமாகச் சந்தைவிட்டு வழுக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தது. சீல் அப்படியே இருந்தது. பிரியங்கா முதன்முறையாகச் சிரித்தாள். விசில் அடித்தவர்களில் ராசப்பனுக்கு வயது எழுபத்தொன்று.

வண்டியின் முன்பாதி தாராபுரம் ரோட்டில் திரும்பியபோது பின்பாதி இன்னும் நேராகத்தான் வந்துகொண்டிருந்தது. வளைவு வந்தால் அது பாட்டுக்கு வளைந்துகொண்டது. சண்முகவேல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தான்; ஒட்டன்சத்திரம் தாண்டியதும், “இனி நீ சொல்றபடிதான் அடுக்குறனுங்க” என்றான். பெண்டாட்டியிடம் அவன் ‘ங்க’ போட்டது கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மதுரை ரோட்டுச் சுங்கச்சாவடியில் வசூல்காரர் கூண்டைவிட்டு இறங்கி வண்டி நெடுகிலும் நடந்து போய்ச் சக்கரத்தை எண்ணினார், நாலுதான் இருந்தது, வேனுக்கு உள்ளதையே எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார். அவ்வளவு தூரம் இழுபட்டதில் தகரம் மெலிந்து, கொடியில் காய்கிற பனியன் வழியாக வெயில் தெரிகிற மாதிரி உள்ளே இருந்த பெட்டிகள் தெரிந்தன. அதனால் மருதாள் நிட்ஸ், திருப்பூர் என்ற எழுத்தை அன்றைக்குத் திண்டுக்கல்லில் படித்தார்கள், மதுரையில் படித்தார்கள், எட்டயபுரத்தில் ஒரு டீக்கடையே எழுந்து நின்று படித்தது. ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்து, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை அதே பெயர்தானா என்று படித்துப் பார்த்துவிட்டு, “போங்கம்மா, போங்க” என்றார்.

துறைமுகக் கிடங்கின் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து நாற்பத்தொன்று. காவலாளி நோட்டைப் பிரித்து, “எந்தக் கம்பெனிம்மா?” என்றார். ஒன்பது வருஷம் வேறு பெயர்களைத் தைத்த தேவிப்பிரியா, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, “மருதாள் நிட்ஸுங்க. எங்க கம்பெனிதானுங்க” என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் வண்டியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இம்புட்டு நீளத்தையும் ஆறு மணிக்குள்ள உள்ள இழுத்துருவியளா?”

“இழுத்துப்போடலாமுங்க” என்றாள் தேவிப்பிரியா. பின்சக்கரம் கேட்டைத் தாண்டியபோது பதினெட்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

சரக்கை இறக்கிய பிறகு வேன் தொளதொளவென்று தொங்கிப்போய்விட்டது. இனி பழையபடி வருமா என்ற கவலையில் திரும்புகிற வழியெல்லாம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மகுடேஸ்வரன் அதை மூன்று நாள் பாரமில்லாமல் நிறுத்திவைத்து, நீராவிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். நாலாம் நாள் பன்னிரண்டு அடி இரண்டு அங்குலத்துக்கு வந்தது. அந்த இரண்டு அங்குலம் போகவே இல்லை, அதைப் பற்றி யாரும் வருத்தப்படவும் இல்லை. பொங்கலுக்குள் அதே ஏஜென்சியிடமிருந்து இருபதாயிரம் உருப்படிக்கு ஆர்டர் வந்தது, சித்திரைக்குள் சந்தில் இன்னும் ஐந்து யூனிட்டுகளுக்கு வந்தது. இப்போது பதினான்கு பேருமே சொந்தப் பெயரில் அனுப்புகிறார்கள். மகுடேஸ்வரனின் குழாய்க்குக் கீழே நிறுத்திப் பக்குவம் செய்த குட்டி வேன்கள் சந்தில் மொத்தம் ஆறு. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை அவற்றுக்குக் கயிறு போடுவார்கள். நெட்டுவாக்கில்தான். மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து இழுப்பார்கள், இழுத்த பிறகு ஆளுக்கொரு பன்னும் டீயும் உண்டு, செலவு யாருடைய சரக்கோ அவர்களுடையது.

போன மாதம் மாநகராட்சியிலிருந்து அளவு நாடாவோடு இரண்டு பேர் வந்தார்கள். பல வருஷத்துக்கு முன்னால் சந்துக்காரர்கள் கொடுத்திருந்த மனு மேலே வந்திருப்பதாகவும், லாரி வந்து போகிற மாதிரி சந்தை இருபது அடிக்கு அகலப்படுத்தித் தருவதாகவும் சொன்னார்கள். பதினான்கு பேரும் கூடிப் பேசினார்கள், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சந்து இருக்கிறபடியே இருக்கட்டும், வண்டி பார்த்துக்கொள்ளும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதால் கயிற்றை எடுக்கப் போனார்கள். வந்த இரண்டு பேரும் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர்களும் ஒரு கை பிடித்தார்கள்.